இரண்டாம் தாளில் தொடங்கும் படிப்பு

யூதர்களின் சட்டமும் அதன்மேல் எழுந்த விவாதமும் அடங்கிய பெருந்தொகுப்பான தல்மூத்தில் 1ஆம் தாள் கிடையாது. அதன் ஏறக்குறைய எந்த நூலைப் பிரித்தாலும் படிப்பு 2ஆம் தாளில்தான் தொடங்கும், ஏனென்றால் அச்சிட்டவர்கள் முகப்பை 1 என்று எண்ணிவிட்டார்கள். முதல் நூலான பெராகோத்தின் 2ஆம் தாள் ஒரு கேள்வியோடு திறக்கிறது: "மாலை ஷெமாவை எந்நேரம் முதல் சொல்லலாம்?" ஷெமா என்பது யூதர்கள் காலையிலும் மாலையிலும் சொல்லும் மறைமொழி. அதை ஏன் சொல்ல வேண்டும், யார் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அங்கே இல்லை. ஏதோ வீட்டுக்குள் நுழைகிறோம், உள்ளே பேச்சு பாதியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பதிலும் அதே மாதிரிதான்: "குருமார் தங்கள் பங்கு உணவை உண்ண உள்ளே போகும் நேரம் முதல்."

இதைப் படிக்கும் புதியவருக்கு உடனே எழும் எரிச்சலை, மிஷ்னா என்ற அந்தச் சட்டவாசகத்தைத் தொடரும் கெமாரா என்ற விவாதத்தின் முதல் வரியே கேட்டுவிடுகிறது: இந்த ஆசிரியர் எங்கே நின்றுகொண்டு 'எந்நேரம் முதல்' என்கிறார்? கடமை உண்டு என்று முதலில் சொல்லாமல் நேரத்துக்கு எப்படிப் போனார்? காலையை விட்டுவிட்டு மாலையில் ஏன் தொடங்கினார்? பதில் வேதநூலான உபாகமத்திலிருந்து வருகிறது. படுக்கும்போதும் எழும்போதும் சொல் என்கிறது அந்த வசனம். படுப்பது முதலில் வருகிறது, ஆகவே மாலை முதலில். ஆசிரியர் அந்த வசனத்தின் மேல் நின்றுதான் பேசுகிறார்.

பெரியவரான பிறகு இந்தப் படிப்பைத் தினமும் செய்யலாம் என்று முடிவெடுப்பவர்கள் இந்த முதல் பக்கத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. புரியாமல் நிற்பது உங்கள் குறை இல்லை. புரியாத இடத்தைச் சுட்டிக் கேட்பதுதான் அந்த நூல் செய்யும் வேலை.

தினப்படிப்பில் உலகெங்கும் பரவியிருப்பது தஃப் யோமி, அதாவது நாளுக்கு ஒரு தாள். தஃப் என்பது தாளின் இரு பக்கமும் சேர்ந்தது. ஒரு பக்கத்துக்கு அமூத் என்று பெயர். மொத்தம் 2,711 தாள்கள். ஒரு நாள்கூட நிற்காமல் போனால் 7 ஆண்டு 5 மாதம். 1923 ஆகஸ்டில் வியன்னாவில் கூடிய, அகுதாத் இஸ்ரேல் என்ற யூதச் சமய அமைப்பின் மாநாட்டில் இந்த யோசனையை முன்வைத்தவர் ரபி மெய்ர் ஷபீரோ. அப்போது அவருக்கு வயது 36. அதே ஆண்டு செப்டம்பர் 11, யூதப் புத்தாண்டு நாளில், முதல் சுற்று தொடங்கியது. அவர் நோக்கம் இரண்டு. ஊர்விட்டு ஊர் போகும் யூதர் எந்த ஊர்ப் படிப்பு மண்டபத்தில் நுழைந்தாலும் அன்று காலை தான் படித்த அதே தாளே அங்கேயும் விரிந்திருக்க வேண்டும். அடுத்தது, எல்லோரும் பெராகோத், ஷபாத் என்று பழகிய சில நூல்களையே படித்துக்கொண்டு, பலியும் கோயிலும் பற்றிய நூல்களைத் தொடாமல் விட்டிருந்தார்கள். அவையும் படிக்கப்பட வேண்டும். இப்போது ஓடுவது 14ஆம் சுற்று. 2020 ஜனவரி 5இல் தொடங்கிய அது 2027 ஜூன் 7இல் முடிகிறது.

முதல் ஏழு சுற்றுகளில் 2,702 தாள்கள்தான் இருந்தன. தல்மூத் இரண்டு உண்டு, பாபிலோனிய தல்மூத், எருசலேம் தல்மூத் என்று; இந்தச் சுற்றில் படிப்பது முதலாவதை, ஆனால் ஷெகாலிம் என்ற நூலுக்கு அது இல்லை. அந்த இடத்தில் எருசலேம் தல்மூத்தைப் படிக்கிறார்கள். 1975இல் தொடங்கிய 8ஆம் சுற்றிலிருந்து அந்த நூலுக்கு வேறு பதிப்பின் தாளெண்களை எடுத்துக்கொண்டதால் 9 தாள் கூடியது. பழைய அட்டவணையோடு புதியதை ஒப்பிட்டுக் குழம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஷபாத் 31ஆம் தாளில் ஒரு பட்டியல் வருகிறது. இறந்த மனிதரைத் தீர்ப்புக்கு நிறுத்தும்போது கேட்கும் கேள்விகள் அவை. முதல் கேள்வி: கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக இருந்தாயா? இரண்டாவது: தோராவுக்கு, அதாவது வேதப் படிப்புக்கு, நேரம் குறித்து வைத்தாயா? நுட்பமாக வாதிட்டாயா, ஒன்றிலிருந்து இன்னொன்றைப் புரிந்துகொண்டாயா என்ற கேள்விகள் கடைசியில்தான் வருகின்றன. எவ்வளவு படித்தாய் என்று கேட்கவே இல்லை. பெரியவர்களின் படிப்பு முறிந்துபோவதற்குக் காரணம் இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் என்பது என் உறுதியான எண்ணம். புரிந்தால் தொடர்வேன் என்று தொடங்குகிறவர் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுகிறார். நேரத்தைக் குறித்தவர், புரியாத நாளிலும் உட்கார்ந்திருப்பதால், நாற்பதாவது தாளில் புரியத் தொடங்குகிறார்.

நேரத்தைக் குறிக்கும் விதமும் உண்டு. "காலை 6:15" என்று கடிகாரத்தில் குறித்தால் பயணம், குழந்தைக்குக் காய்ச்சல், கோடை விடுமுறை எல்லாம் அதைக் கலைத்துவிடும். அந்த முதல் மிஷ்னா நேரத்தை எப்படிச் சொல்கிறது பாருங்கள்: நட்சத்திரம் தோன்றும்போது என்று சொல்லாமல், குருமார் உண்ணப் போகும்போது என்கிறது. எல்லோர் கண்ணிலும் தினமும் படும் ஒரு செயலில் கொண்டுபோய்க் கட்டுகிறது. அப்படியே உங்கள் படிப்பையும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு கட்டுங்கள்: காலைத் தொழுகை முடிந்த உடனே, ரயிலில் ஏறி உட்கார்ந்த உடனே, இரவு உணவுத் தட்டைக் கழுவி வைத்த உடனே. நியூயார்க்கில் ஃபார் ராக்கவேயிலிருந்து கிளம்பும் லாங் ஐலண்ட் ரயிலின் ஒரு பெட்டியில் 1990களின் தொடக்கத்தில் ஒரு தஃப் வகுப்பு தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிறார்கள், வண்டி நகர்கிறது, படிப்பு தொடங்குகிறது. வண்டி யாருக்காகவும் காத்திருக்காது. அது அந்த வகுப்புக்கு நல்லதாகிவிட்டது.

இனித் தாளைப் பார்ப்போம். இன்றைக்குப் பெரும்பாலும் எல்லோர் கையிலும் இருப்பது 1880க்கும் 1886க்கும் இடையே வில்னாவில் ரோம் குடும்பத்து அச்சகம் வெளியிட்ட பதிப்பின் பக்க அமைப்பு. தாளெண்கள் அதற்கும் மூத்தவை. 1520ஐ ஒட்டி வெனிஸில் டானியல் பொம்பர்க் அச்சிட்டபோது அமைந்தவை. பக்கத்தின் நடுவில் மூலம். அதில் மிஷ்னா என்பது கி.பி. 200 அளவில் ரபி யெஹூதா ஹநாசி தொகுத்த எபிரேயச் சட்டவாசகம். அதைத் தொடர்ந்து அரமேயத்தில் வரும் விவாதம் கெமாரா. பாபிலோனியாவின் சூரா, பும்பெதிதா போன்ற கல்விக்கூடங்களில் அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் வளர்ந்தது. தாளைத் தைத்திருக்கும் உட்பக்க ஓரத்தில் ராஷியின் உரை. வெளி ஓரத்தில் தோசஃபோத், அதாவது ராஷிக்குப் பின்வந்த பிரெஞ்சு, ஜெர்மானிய அறிஞர்களின் தடையும் விடையும். மூலத்தில் நிறுத்தக்குறி இல்லை, உயிர்க்குறி இல்லை, கேள்வி எங்கே முடிந்து பதில் எங்கே தொடங்குகிறது என்ற அடையாளமும் இல்லை.

தஃப் யோமிக்கு நடு மூலமும் ராஷியும் போதும். தோசஃபோத்தை விட்டுவிடுங்கள். இதைச் சொன்னால் யெஷிவா என்ற சமயக் கல்விக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் படித்தவர்களுக்கு மனம் வலிக்கும். தோசஃபோத் இல்லாத படிப்பு அவர்களுக்குப் படிப்பே இல்லை. அவர்கள் ஒரே தாளில் ஒரு வாரம் இருப்பவர்கள். தோசஃபோத் ஒரு தாளைப் பிற தாள்களோடு மோதவிட்டுத் தடை எழுப்பும். அந்தப் பிற தாள்களை நீங்கள் இன்னும் பார்த்திருக்கவே மாட்டீர்கள். இரண்டாம் சுற்றில் அதற்கு வாருங்கள்.

ராஷி வடபிரான்சின் த்ருவா நகரத்தவர், 1040 முதல் 1105 வரை வாழ்ந்தார். ஒரு வரியில் நீங்கள் எங்கே தடுக்கி விழுவீர்கள் என்று அவருக்கு முன்பே தெரியும். மூலத்திலிருந்து இரண்டு மூன்று சொல்லை எடுப்பார், அடுத்து இரண்டு மூன்று சொல்லில் பொருள் சொல்வார், நகர்ந்துவிடுவார். ஆனால் ராஷியின் இடத்தில் அச்சாகியிருப்பதெல்லாம் ராஷி இல்லை. நெதாரிம் நூலில் அவர் பெயரில் உள்ள உரை அவருடையது அல்ல; அங்கே அனுபவசாலிகள் பக்கத்தில் இருக்கும், ரான் என்ற பிற்கால அறிஞரின் உரையைத்தான் படிப்பார்கள். பாபா பத்ரா 29ஆம் தாளில் ராஷி நின்றுவிட, பேரன் ரஷ்பம் தொடர்கிறார். தாத்தா ஒரு வரியில் முடிப்பதைப் பேரன் பத்து வரியில் சொல்வார். அந்த நூல் முடியும்வரை நாளுக்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கிவிடுங்கள். மக்கோத் 19ஆம் தாளின் பின்பக்கத்தில் உரை நடுவே ஒரு குறிப்பு வருகிறது: நம் ஆசிரியரின் உடல் தூயது, அவர் உயிர் தூய்மையில் பிரிந்தது, இதற்கு மேல் அவர் உரை எழுதவில்லை, இனி அவர் மாணவர் யெஹூதா பர் நத்தானின் மொழி. ஐந்து ஆண்டுக்கும் மேலாகத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கைபிடித்து அழைத்துவந்த குரல் வாக்கியத்தின் நடுவில் அடங்குவதை அங்கே காதால் கேட்பதுபோல் இருக்கும். அன்று ஒரு நிமிடம் புத்தகத்தை விரித்தபடியே இருந்துவிட்டுப் பிறகு தொடருங்கள்.

ஒரு தாளுக்கு நேரம் எவ்வளவு? புதியவருக்கு 45 நிமிடம் முதல் 1 மணி வரை. அதற்குக் குறைத்துச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். முதல் 5 நிமிடம் நேற்றைய தாளின் கடைசிப் பத்து வரி. இதைத் தாண்டக்கூடாது. தாள் முடியும் இடத்தில் வாதம் முடிவதில்லை, ஒரு வாக்கியம்கூட முடியாமல் நிற்கும். நேற்று தொங்கிய கேள்வியை எடுத்துக்கொள்ளாமல் இன்று நுழைந்தால் முதல் கால் மணி வீண். பிறகு முன்பக்கத்துக்கு 18 முதல் 25 நிமிடம், பின்பக்கத்துக்கும் அவ்வளவே. கடைசி 5 நிமிடம் ஒரு குறிப்பேட்டில் மூன்றே வரி: என்ன கேட்டார்கள், யார் யார் என்ன சொன்னார்கள், எப்படி முடிந்தது. மூன்றாவது வரியை எழுத வரவில்லை என்றால் அந்தத் தாளை நீங்கள் பார்த்தீர்கள், படிக்கவில்லை. பரவாயில்லை, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு எழுந்துவிடுங்கள்.

வாதத்தின் ஓட்டம் பிடிபட மொழி முழுதும் தெரிய வேண்டியதில்லை, வழிகாட்டிச் சொற்கள் பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் போதும். 'தனூ ரப்பானன்' என்றால் மிஷ்னாவில் இடம்பெறாத பழைய உபதேசம் ஒன்று வருகிறது. அதற்குப் பராய்தா என்று பெயர். 'மெய்தீவே' என்றால் பழைய வாசகம் ஒன்றைக் காட்டித் தடை எழுப்புகிறார்கள். 'இபாயே லெஹூ' என்றால் தடை இல்லை, தெரியாததைக் கேட்கிறார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் அடுத்த இருபது வரியும் குழம்பும். 'தா ஷ்மா', வந்து கேள், என்றால் ஆதாரம் வருகிறது. 'லா காஷ்யா', முரண் இல்லை. 'ஹாகா பெமாய் அஸ்கீனன்', இங்கே எந்தச் சூழலைப் பேசுகிறோம் என்று கேட்டால் வழக்கின் எல்லையைச் சுருக்கப் போகிறார்கள். 'தியூப்தா', அந்தக் கருத்து வீழ்ந்தது. இவற்றை ஓர் அட்டையில் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். ஒரு மாதத்தில் அட்டை தேவைப்படாது.

இன்னொரு விதி தெரியாமல் யாரும் முன்னேற முடியாது. மிஷ்னா காலத்து ஆசான்கள் தன்னாயிம், பிந்தியவர்கள் அமோராயிம். ஓர் அமோரா தன் சொந்தக் கருத்தை வைத்துக்கொண்டு தன்னாவின் வாசகத்தை மறுக்க முடியாது. தனக்குத் துணையாக இன்னொரு தன்னாவைக் காட்டியாக வேண்டும், அல்லது அந்த வாசகம் வேறு சூழலைப் பேசுகிறது என்று நிறுவ வேண்டும். ஒரு பழைய வாசகத்தைப் போட்டு எதற்கு இத்தனை இழுப்பு என்று தோன்றும் இடங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

ஓர் உதாரணம், பாபா மெட்சியா 21ஆம் தாள். சிறுவர்களுக்குக் கெமாராவைத் தொடங்கிவைக்க ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக எடுக்கும் இடம். கண்டெடுத்த பொருளில் எதை நாமே வைத்துக்கொள்ளலாம், எதை அறிவிக்க வேண்டும்? சிதறிய விளைச்சலை வைத்துக்கொள்ளலாம் என்கிறது மிஷ்னா. எவ்வளவு சிதறினால்? 4 முழத்தில் 1 கவ் என்கிறார் ரபி யிட்ஸ்ஹாக். கவ் என்பது 24 முட்டைகளின் கொள்ளளவு. கெமாரா உடனே குறுக்கிடுகிறது: விழுந்து சிதறியதுபோல் இருந்தால் அதைவிட அதிகம் கிடந்தாலும் எடுக்கலாமே, வேண்டுமென்று வைத்ததுபோல் இருந்தால் குறைவாக இருந்தாலும் தொடக்கூடாதே, அளவு எதற்கு? பதில்: இது களத்து மேட்டுப் பேச்சு. தூற்றி முடித்தபின் மிஞ்சிய மணிகள் 4 முழப் பரப்பில் 1 கவ் என்ற கணக்கில் கிடந்தால் பொறுக்குவது பெரிய பாடு. உடைமைக்காரர் திரும்பி வரமாட்டார், மனதால் விட்டுவிடுகிறார். அதைவிடக் குறுகிய இடத்தில் கிடந்தால் வந்து பொறுக்கிக்கொள்வார்.

இங்கே ரபி யிர்மியா கேட்கிறார்: 2 முழத்தில் அரை கவ் கிடந்தால்? எண்ணிக்கையைப் பாதியாக்கிய விளையாட்டு மாதிரி தோன்றும். அப்படி இல்லை. 4 முழத்தில் 1 கவ்வை அவர் விட்டது பாடு அதிகம் என்பதாலா, மதிப்புக் குறைவு என்பதாலா? பாடுதான் காரணம் என்றால், அரை கவ்வுக்குப் பாடு பாதிதான், விடமாட்டார். மதிப்புதான் காரணம் என்றால், அரை கவ்வின் மதிப்பு இன்னும் குறைவு, விட்டுவிடுவார். இரண்டு காரணமும் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. அளவைப் பாதியாக்கி அவர் பிரித்துவிட்டார். விடாமல் தொடர்கிறார்: 8 முழத்தில் 2 கவ்? 4 முழத்தில் 1 கவ் எள், மதிப்பு அதிகம், பொறுக்குவதும் அதிகப் பாடு? 4 முழத்தில் 1 கவ் பேரீச்சை, அல்லது மாதுளை, மதிப்புக் குறைவு, பொறுக்குவதும் எளிது? இத்தனை கேட்டபின் கெமாரா ஒரே சொல்லில் முடிக்கிறது: தேய்கூ. அது நிற்கட்டும், தீர்வு இல்லை. நம் 'தேக்கு' போல ஒலிப்பது தற்செயல்தான், ஆனால் தமிழருக்கு அந்தச் சொல் மறக்கவே மறக்காது.

விடை இல்லாத கேள்வியை இவ்வளவு கவனமாகப் பாதுகாத்துக் கைமாற்றிய நூலை அறிவுரைத் தொகுப்பாகப் படித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கேள்வி எப்படி வெட்டப்பட்டது என்று பார்க்கப் பழகியவருக்கு ஒரு நாளும் சலிக்காது.

எதை வைத்துப் படிப்பது? ஆங்கிலம் படிப்பவருக்கு ஆர்ட்ஸ்க்ரோலின் ஷாட்டன்ஸ்டைன் பதிப்பு 73 தொகுதிகளில் 2005இல் நிறைவடைந்தது. ஒரு பக்கம் வில்னாத் தாள், எதிர்ப்பக்கம் விளக்கத்தோடு மொழிபெயர்ப்பு. அதீன் ஸ்டைன்சால்ட்ஸ் 1965இல் தொடங்கி 2010இல் முடித்த பதிப்பு நிறுத்தக்குறியும் உயிர்க்குறியும் இட்டு நவீன எபிரேயத்தில் பொருள் தருகிறது. அதை ஒட்டிய ஆங்கில மொழிபெயர்ப்பு செஃபாரியா தளத்தில் 2017 முதல் இலவசம். அதில் தடித்த எழுத்தில் இருப்பது மூலத்தின் நேர்ச்சொல், மெல்லிய எழுத்து மொழிபெயர்ப்பாளர் சேர்த்த விளக்கம். முதல் தடவை இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அடுத்து தடித்ததை மட்டும் படித்து, இடைவெளியை உங்கள் மனதாலேயே நிரப்பிப் பாருங்கள். நிரம்பாத இடம்தான் நீங்கள் ராஷியைப் பார்க்க வேண்டிய இடம்.

ஒலிப்பதிவு வகுப்புகள் ஏராளம், நல்லவையும் பல. வண்டி ஓட்டும்போது கேட்பதை மட்டும் படிப்பாக எண்ணிக்கொள்ளாதீர்கள். நல்ல ஆசிரியர் தாளை அவ்வளவு சீராகச் சொல்லிக்கொண்டு போவார், கேட்கையில் எல்லாம் புரிந்த உணர்வு வரும். மாலையில் ஒரு வரியைத் திருப்பிச் சொல்ல வராது. பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஓய்வுநாள் கடைப்பிடிப்பவர்களுக்கு இன்னொன்று: வாரத்தில் ஆறு நாள் கைபேசியில் படித்துப் பழகியவர் ஏழாம் நாள் தவறவிடுவார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் மறுநாள் தாளை அச்செடுத்து வையுங்கள், பண்டிகை சேர்ந்து வந்தால் மூன்று தாள். யூத நாட்காட்டியில் 'அவ்' என்ற மாதத்தின் 9ஆம் நாள் நோன்பில் துயரப் பகுதிகள் தவிர மற்றதைப் படிக்கக்கூடாது. அன்றைய தாளை முந்தைய நாளே முடிப்பவர்களும் உண்டு, நோன்பு முடிந்த இரவில் படிப்பவர்களும் உண்டு.

பின்தங்குவதுதான் பெரிய ஆபத்து. கணக்கைப் பாருங்கள்: மூன்று நாள் தவறினால் நான்காம் நாள் முன்னே இருப்பது நான்கு தாள், 3 மணி நேரத்துக்கும் மேல். அதை ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்து, முடியாமல், ஐந்தாம் நாள் புத்தகத்தைப் பார்க்கவே கூசி நிறுத்தியவர்கள் நிறைய. ஆகவே ஒரே ஒரு விதி: இன்றைய தாள்தான் முதலில். தவறியவற்றின் எண்ணைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள், ஓய்வு கிடைக்கும் நாளில் ஒவ்வொன்றாக அடியுங்கள். இடையில் விட்ட வாதத்தின் கயிறு கையில் இல்லையே என்றால், தவறிய தாள்களுக்கு மொழிபெயர்ப்பை மட்டும் பத்துப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இன்றையதில் உட்காருங்கள்.

பலர் நிற்கும் இடங்கள் முன்கூட்டியே தெரிந்தவை. முதலாவது எருவீன், சுற்றின் 220ஆம் நாள். சந்து, முற்றம், வாசல், உத்தரம், 20 முழ உயரம் என்று எல்லாம் கட்டட வடிவங்கள். சொல்லாகப் படித்தால் தலை சுற்றும். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்துகொண்டு படியுங்கள்; ஒவ்வொரு தாளுக்கும் ஒரு படம். இரண்டாவது 795ஆம் நாள் வரும் எவாமோத். பிள்ளையில்லாமல் இறந்தவரின் மனைவியை அவர் சகோதரர் மணப்பது பற்றியது, முதல் மிஷ்னாவிலேயே 15 உறவுமுறைகள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்குக்கோடு. உறவுமுறைக்கு இத்தனை சொல் வைத்திருக்கும் நமக்கு இது மற்றவர்களைவிட எளிதாகவே வரும் என்று நினைக்கிறேன்.

துணையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருவர் சேர்ந்து படிப்பது ஹவ்ரூதா. ஒருவர் ஒரு வாதத் துண்டை வாய்விட்டு வாசித்துப் பொருள் சொல்வார், மற்றவர் வேலை ஒப்புக்கொள்ளாமல் இருப்பது. அடுத்த துண்டுக்கு இடம் மாறும். பாபா மெட்சியா 84ஆம் தாளில், தன் துணைவர் ரேஷ் லகீஷ் இறந்தபின் ரபி யோஹனானுக்கு ஆறுதலாக எலாசர் பென் பெதாத் என்ற கூர்ந்த அறிஞரை அனுப்பி வைக்கிறார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும், உங்கள் கருத்துக்கு ஆதாரமாக ஒரு பராய்தா இருக்கிறது என்கிறார் அவர். யோஹனான் உடைந்துபோகிறார்: நான் ஒன்று சொன்னால் ரேஷ் லகீஷ் 24 தடை போடுவார், நான் 24 விடை சொல்வேன், அதில் பொருள் விரியும், நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியாதா? துணை தேடும்போது உங்களைவிட அதிகம் படித்தவரைத் தேட வேண்டாம், "எனக்கு இது சரியாகப் படவில்லை" என்று கூசாமல் சொல்பவரைத் தேடுங்கள். நேரில் கிடைக்காவிட்டால் வாரத்துக்கு இரண்டு நாள் தொலைபேசியில் அரை மணி நேரம் போதும்.

ஒரு தாள் ஒரு நாளில் ஓடினால் மறந்துபோகாதா என்று கேட்பவர்கள் தவறாகக் கேட்கவில்லை. ஹகீகா 9ஆம் தாளே, தன் பாடத்தை 100 தடவை திருப்பியவர் 101 தடவை திருப்பியவருக்கு நிகரில்லை என்கிறது. தஃப் யோமியில் திருப்புதலுக்கு இடம் குறைவு. 45 நிமிடம் உங்களால் முடியாது என்றால், அல்லது மறப்பது தாங்கவில்லை என்றால், நாளுக்கு ஒரு அமூத் எடுங்கள். 15 ஆண்டு ஆகும், ஆகட்டும். வாரத்துக்கு ஒரு தாள் என்று படிக்கும் குழுக்களும் உண்டு. சுற்றின் நடுவில் சேருகிறவர்கள் அடுத்த நூல் தொடங்கும் நாளுக்காகக் காத்திருந்து சேரலாம். காத்திருக்கும் காலத்தில் மெகிலா போன்ற 31 தாள் நூல் ஒன்றைத் தனியாகப் படித்துப் பார்த்தால் உங்கள் வேகம் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 35ஆம் நாள், பெராகோத் 36ஆம் தாளில், மிளகும் இஞ்சியும் வருகின்றன. இந்தியர்களிடமிருந்து வரும் இஞ்சிப் பாகை உண்ணலாமா, அதற்கு எந்த வாழ்த்து என்ற கேள்விக்கு, உண்ணலாம், மண்ணின் விளைச்சலுக்கான வாழ்த்தைச் சொல்ல வேண்டும் என்று விடை. இஞ்சிக்கு அங்கே வரும் அரமேயச் சொல் ஸங்வீலா. அதன் வேரைத் தேடிப்போனால் கடல் கடந்து நம் 'இஞ்சி'க்கு வந்து சேரும்.

ஒரு நூல் முடிவது சியூம். அதைத் தனியாக முடித்துப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். கடைசி ஐந்தாறு வரியை வேண்டுமென்றே மிச்சம் வைத்து, நண்பர்களைக் கூட்டி, அவர்கள் முன்னே படித்து முடிக்க வேண்டும். பத்துப் பேர் இருந்தால் கத்தீஷ் என்ற இறைப்புகழ்ச்சியைச் சொல்லலாம், பிறகு உணவு. பாஸ்காவுக்கு முந்தைய நாள் தலைப்பிள்ளைகளுக்கு நோன்பு. சியூம் விருந்தில் கலந்துகொண்டவருக்கு நோன்பு விலகும் என்பதால் அந்தக் காலைக்கென்றே ஒரு நூலை முடிக்கத் திட்டமிடுகிறார்கள். 2020 ஜனவரி 1இல் நியூஜெர்சியின் மெட்லைஃப் அரங்கில் 13ஆம் சுற்றின் சியூமுக்கு ஏறக்குறைய 90,000 பேர் கூடினார்கள். சில நாள் கழித்து எருசலேமில் பெண்கள் தாங்கள் படித்து முடித்ததைக் கொண்டாட 3,000 பேருக்கு மேல் திரண்டார்கள். வீட்டு மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தாலும் சொல்வது அதே சொற்கள்தான், ஹத்ரான்: உன்னிடம் திரும்பி வருவோம், பெராகோத்தே, நீயும் எங்களிடம் திரும்பி வா. எங்கள் நினைவு உன்மேல், உன் நினைவு எங்கள்மேல். உன்னை மறக்கமாட்டோம், நீயும் எங்களை மறக்காதே, இம்மையிலும் மறுமையிலும். மூன்று தடவை சொல்ல வேண்டும்.

அது 63ஆம் நாள். 64ஆம் நாள் காலையில், நீங்கள் குறித்துவைத்த அந்த நேரத்தில், ஷபாத் நூலின் 2ஆம் தாள். வாசலுக்கு வெளியே ஏழை ஒருவர் நிற்கிறார், உள்ளே வீட்டுக்காரர். ஏழை கையை உள்ளே நீட்டுகிறார்.